விழாவுக்கு முன் நனையக் கூடாத படகு

உலகத்தில் கப்பல் கட்டியவர்கள் உண்டு, கடல் கடந்தவர்களும் உண்டு. ஆனால் ஒரு பழைய மோட்டார் படகை வாங்குவதற்கு முன் பதினொரு பேர் ஏழு கூட்டம் போட்டு, பதினான்கு பக்க அறிக்கையோடு மதிப்பிட்ட பெருமை, பேராக் மாநிலத்தில் எங்கள் ஒன்றியத்துக்கு மட்டுமே உரியது. இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. பதினான்கு பக்கத்தையும் எழுதியவன் நான் என்பதால் கொஞ்சம் கலந்திருக்கலாம், மன்னிக்கவும்.

என் பெயர் மாயாண்டி. ஈப்போ ‘தமிழர் முன்னேற்றச் சிந்தனை ஒன்றிய’த்துக்கு இருபத்தைந்து வருஷமாகச் செயலாளர். முன்னேற்றத்தைப் பற்றிச் சிந்திப்பது எங்கள் வேலை. முன்னேறுவது மற்றவர்கள் பாடு. வெள்ளிவிழாவில் எனக்குப் பெயர் பொறித்த வெள்ளிப் பேனா ஒன்று பரிசளித்தார்கள். அந்தப் பேனா இந்த வரலாற்றில் முக்கியப் பங்கு வகிப்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பழைய ரப்பர்த் தோட்டம். வெள்ளைக்காரக் கம்பெனி அதைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கப்பலேறிவிட்டது. வாங்கியவர்கள் ரப்பரை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். பழைய லயத்து வரிசை வீடுகளில் மிச்சமிருந்தவை பதினாறு குடும்பங்கள். மூன்று பக்கம் சதுப்பும் புதிய முதலாளிகளின் வேலியும்; நாலாவது பக்கம் ஆறு. தொங்குபாலத்தை ஒரு வெள்ளம் கொண்டுபோன பிறகு, ஒன்பது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஒரே வழி லயத்து வீரம்மாவின் சின்னத் துடுப்புப் படகான சம்பான்தான். முன்பு ரப்பர்ப் பால் வெட்டிய கை, இப்போது துடுப்புப் போட்டது.

மழைக் காலத்தில் ஆறு பெருகினால் துடுப்பு எடுபடாது. போன வருஷம் நவம்பரில் அப்படித்தான் ஆயிற்று. மூன்றாம் படிவப் பரீட்சை நடந்த நாளெல்லாம் வீரம்மாவின் மகள் மங்களம் அக்கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். பெரிய மனசு பண்ணித் தலைமையாசிரியர் இன்னும் ஒரு வருஷம் கொடுத்தார். இந்தத் தடவையும் தவறினால் பள்ளிக்கூடத்திலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அப்புறம் செம்பனைக்கு மருந்தடிக்கப் போக வேண்டியதுதான்.

1983-ஆம் வருஷம் மே மாதம் வீரம்மா பஸ் ஏறி ஈப்போவுக்கே வந்துவிட்டாள்.

“தலைவரண்ணே, ஒரு மோட்டார் போட்டு இருந்தா போதும். பழசுன்னாலும் பரவால்ல. நவம்பருக்குள்ள வேணும்ணே, எம்பொண்ணுக்கு இதான் கடைசி.”

எங்கள் தலைவர் உடையப்பன் கண் கலங்கினார். அவர் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் வைத்திருப்பவர். உணர்ச்சி அவருக்குத் தொழில். இரண்டே நிமிஷத்தில் ‘படகு மதிப்பீட்டுச் செயற்குழு’ அமைந்தது. அதற்குச் சின்னம் எது, அன்னமா மீனா என்று முடிவு செய்ய மூன்று கூட்டம் பிடித்தது. அன்னம் வென்றது.

ஆகஸ்டில் படகைப் பார்க்கப் போனோம். காம்பார் பக்கம் ஒரு பழைய ஈயக் குட்டை. சுரங்கம் மூடிய பிறகு, அங்கே கிடந்த இயந்திரங்களையெல்லாம் ஆ செங் என்ற சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, விற்றுக்கொண்டிருந்தார். பிறந்து வளர்ந்தது தோட்டத்துக் கடையில் என்பதால் தமிழ் பேசுவார். படகு நான்கு கட்டைகளின் மேல், நெஞ்சளவு உயரத்தில் இருந்தது. பத்து அடி தள்ளித் தண்ணீர்.

“என்ன வயசு?” என்று கேட்டார் சவரிநாதன். அவர் வீரம்மாவின் தோட்டத்திலேயே பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கராக, இருந்து ஓய்வு பெற்றவர். எதைக் கண்டாலும் விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் வேலைக்கு வந்த ஆள் எண்ணுவது போலத்தான் பார்ப்பார்.

“பத்தொம்பது,” என்றார் தவுக்கே.

“இருபத்தொண்ணுலதானே ஓட்டு? அப்ப இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. எளவட்டம்தான். எழுதிக்கப்பா, மாயாண்டி.”

எழுதிக்கொண்டேன்.

“சும்மா பாத்தா தெரியாதுலா,” என்றார் தவுக்கே. “தண்ணியில போட்டு பாரு. பத்து அடிதான். நாலு பேரு புடிச்சா போயிரும். அடிப்பலகை ரொம்ப நாளா வெயில்ல கெடக்கு. நான் பொய் சொல்ல மாட்டேன்லா.”

அப்போதுதான் தலைவர் அந்த வரலாற்றுச் சிறப்புமிக்கத் தீர்ப்பை வழங்கினார்.

“அது முடியாது தவுக்கே. படகோட வெள்ளோட்டத்துக்கு, சுல்தான் கையால பட்டம் வாங்கின தலைவரு, நம்ம டத்தோவே வர்றதா ஒத்துக்கிட்டாரு. அவரு ரிப்பன் வெட்டுறதுக்கு முன்னாடி படகு தண்ணியில எறங்கிட்டா, அவரு எதைத் தொறந்து வைப்பாரு? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

“பத்தொம்பது வருஷம் தண்ணியில ஓடுன போட்டுலா இது!”

“அதெல்லாம் பழைய கணக்கு. நம்ம கைக்கு வந்த பெறகு அது கன்னிப் படகு.”

எங்கள் மண்டபங்களின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதன் ஆழம் புரியும். திறப்பு விழா ஆகாத மண்டபத்தில் மழைக்குக்கூட நாங்கள் ஒதுங்குவதில்லை. திறப்பு விழா ஆகாத கக்கூசின் முன்னால் இரண்டு மாதம் கால் மாற்றி நின்ற தியாகிகள் எங்கள் உறுப்பினர்கள். ஒரு படகுக்காக அந்த மரபை விடுவோமா?

ஆகவே, படகைத் தண்ணீரில் விடுவது தவிர மற்ற எல்லாச் சோதனையும் செய்தோம். தொழில்நுட்ப நிபுணர் ஜெயபாலன். ஈப்போவில் மைக் செட்டு வாடகைக்கு விடுபவர். இஞ்சினின் காலைத் தண்ணீர் நிரப்பிய பீப்பாய்க்குள் இறக்கித் தவுக்கே ஓட்டிக் காட்டினார். ஜெயபாலன் காதைச் சாய்த்துக் கேட்டார்.

“சத்தம் அதிகம்லா. பேச்சு கேக்காது. ஆனா ஸ்பீக்கரை முன்னாடி கட்டுனா சமாளிச்சிரலாம்.”

தலைவர் மேலே ஏறி, மாலையோடு பத்துப் பேர் ஒரே வரிசையில் நிற்க முடியுமா என்று பார்த்தார். இடித்துக்கொண்டு நின்றால் முடியும். கொடிக்கம்பத்துக்கு இடம் இருந்தது. டத்தோவின் சோபாவுக்கு இடம் போதாது. நாற்காலி என்று திருத்தம் கொண்டுவரப்பட்டு, முன்மொழிந்து, வழிமொழிந்து ஏற்கப்பட்டது.

வீரம்மாவும் வந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை, அவளே செலவு பண்ணி வந்தாள். படகின் அடியில் குனிந்து ஒவ்வொரு பலகையாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனாள்.

“கிராணி ஐயா, இங்கன சத்தம் வேற மாதிரி வருது. தண்ணியில போட்டுப் பாத்துருங்களேன். ஏறப் போறது பிள்ளைங்க.”

“ஏ புள்ள, நிபுணர் இருக்காருல்ல? ஒனக்கு சம்பானப் பத்தித் தெரியும். இது மோட்டாரு. தள்ளி நில்லு, போட்டாவுல விழுற.”

“அந்தக் கருத்தை ‘இதர விவகாரங்கள்’ல சேத்துக்குங்க,” என்றார் தலைவர்.

சேர்த்துக்கொண்டேன். செயலாளர் என்ற முறையில் எனக்கும் ஒரு கடமை உண்டு என்று தோன்றியது. எல்லாரும் படம் எடுக்க மறுபக்கம் போனதும், அவள் தட்டின இடத்தை என் வெள்ளிப் பேனாவால் லேசாகக் குத்திப் பார்த்தேன். லேசாகத்தான். டீயில் நனைத்த ரொட்டிக்குள் போவது போலப் பேனா உள்ளே போய்விட்டது. இழுத்தேன், வரவில்லை. “மாயாண்டி, வாய்யா, படம்!” என்று கூப்பிட்டார்கள். போய்விட்டேன். வேறு பேனா இருந்தது. அதால் எழுதினேன்: ‘உறுப்பினர்கள் படகைத் தொட்டுப் பார்த்துத் திருப்தி தெரிவித்தனர்.’

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லியிருந்தால் இன்னொரு படகு, இன்னொரு ஏழு கூட்டம். பத்திரிகை அடித்தாகிவிட்டது, டத்தோவின் தேதி கிடைத்தாகிவிட்டது. ஒரு பேனாவுக்காக அவ்வளவு பெரிய விழாவை நிறுத்துவது பண்பா?

படகுக்கு நீலச் சாயம் பூசி, அன்னம் வரைந்து, ‘முன்னேற்றம்’ என்று பெயர் எழுதினார்கள். பூசியவர்கள் என் பேனாவின் மேலும் சேர்த்தே பூசிவிட்டார்கள். வேலை அவ்வளவு சுத்தம்.

அக்டோபர் பதினைந்தாம் தேதி வெள்ளோட்டம். ஆற்றங்கரையில் கூடாரம், நாதஸ்வரக் கேசட், பால் டீ. ஒன்பது பிள்ளைகளும் சீருடையில் காகிதக் கொடியோடு வரிசையில் நின்றார்கள். முதல் சவாரி டத்தோவும் செயற்குழுவும், இரண்டாம் சவாரி பிள்ளைகள் என்று ஏற்பாடு.

டத்தோ இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். படகை ஒரு பார்வை பார்த்தார். தலைவர்கள் சும்மா தலைவர்கள் ஆவதில்லை.

“ரிப்பனைக் கரையிலேயே வெட்டிர்றேன்லா. எனக்கு பிரஷர் இருக்கு. நீங்கதான் ஒழைச்சவங்க, நீங்க போங்க,” என்றார்.

பத்துப் பேர் மாலையோடு ஏறினார்கள். நான் ஏறவில்லை. குறிப்பெடுப்பவன் கரையில் நின்றால்தானே முழுக் காட்சியும் தெரியும்?

படகு கிளம்பியது. தலைவர் மைக்கைப் பிடித்தார். “இந்தச் சமுதாயம் எந்நாளும் உயர்ந்துகொண்டே...” என்று அவர் தொடங்கியபோது கணுக்காலில் இருந்த தண்ணீர், “இமயமாக” என்றபோது முழங்காலுக்கு வந்துவிட்டது. நடு ஆற்றில் இஞ்சின் நின்றது. அன்னம் முதலில் முங்கியது. சவரிநாதன், “யாரும் வரிசைய விட்டு அசையாதீங்க!” என்று உத்தரவு போட்டார். அசையாமலே முழுகினார்கள்.

கூட்டம் கத்தியது. டத்தோவின் கார் கிளம்பியது. வீரம்மா மட்டும் சம்பானை அவிழ்த்துக்கொண்டு போனாள். மூன்று தடவை போய்ப் பத்துப் பேரையும் தூக்கி வந்தாள். கடைசியாகத் தலைவர்.

“தலைவரண்ணே, மைக்க விடுங்க! கைய குடுங்க!”

“ஜெயபாலன் மைக்கும்மா, வாடகை!”

மைக்கும் காப்பாற்றப்பட்டது. படம் எடுக்க வேண்டும் என்ற எங்கள் ஆசையால் நாங்கள் முந்திக்கொண்டோம். இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஒன்பது பிள்ளைகள் இருந்திருப்பார்கள். விளம்பர மோகத்தைக் குறை சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மறுநாள் அவசரக் கூட்டம். டத்தோவின் ஆபீஸ் விளக்கம் கேட்டிருந்தது. யார் மேல் தவறு? படகின் மேல் இல்லை. பதினான்கு பக்கம் சாட்சி. நான்கு மணி நேரம் ஆராய்ந்து, ஆற்றின் மேல்தான் தவறு என்று கண்டுபிடித்தோம். அப்போது சவரிநாதன் எழுந்தார்.

“இன்னொரு விசயம். நம்மளத் தூக்கிட்டு வந்துச்சே அந்த சம்பான், அதை யாராச்சும் மதிப்பீடு பண்ணியிருக்கோமா? மதிப்பீடு பண்ணின படகே முழுகிருச்சுன்னா, மதிப்பீடு பண்ணாதது எவ்வளவு ஆபத்துலா!”

சபை திகைத்துப் போயிற்று. அப்படி ஒரு பழைய ஓட்டைச் சம்பானிலா ஏறி வந்தோம் என்று ஜெயபாலன் உட்கார்ந்த இடத்திலேயே நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ‘மதிப்பிடப்படாத கலங்கள் ஆற்றில் ஓடுவதை உடனே தடுக்க வேண்டும்’ என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டோம். கடிதம் நான்தான் எழுதினேன். விளக்கம் கேட்டவர்களுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது; தேவையான ஆபீசுக்கு அவர்களே அனுப்பி வைத்தார்கள். பாலம் கேட்டு எழுதிய பதினேழு கடிதங்களுக்கும் பதில் வராத அதே ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சம்பானைக் கரையில் சங்கிலி போட்டுப் பூட்டினார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, தீபாவளி லீவில் தைப்பிங் போய்விட்டார். மறுநாள் காலையில் மங்களத்துக்குப் பரீட்சை.

அந்த நவம்பரில் மழை பெய்யவில்லை. ஆறு குளம் மாதிரி அசையாமல் கிடந்ததாம். சின்னப் பிள்ளை துடுப்புப் போட்டாலே மறுகரை சேரலாம். வீரம்மா கருங்கல்லை எடுத்துப் பூட்டை அடித்தாள். விடிந்ததிலிருந்து பத்து மணி வரைக்கும் அடித்தாள். உடையவில்லை. அது நல்ல பூட்டு. யாரோ ஒழுங்காகப் பார்த்து வாங்கியிருக்கிறார்கள். மங்களம் வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடையோடு கரையில் நின்றிருந்தாள். பத்து மணிக்குப் பிறகு, அம்மாவின் கையைப் பிடித்துக் கல்லை வாங்கிக் கீழே போட்டாளாம்.

எங்கள் ஆண்டறிக்கையில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘இவ்வாண்டு நமது தொடர் முயற்சியால் ஆற்றில் பிள்ளைகள் எவரும் மூழ்கவில்லை.’

லீவு முடிந்து சாவி வந்து, சங்கிலி அவிழ்ந்து, பத்து நாள் கழித்து வீரம்மா என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பொருளை மேசையில் வைத்தாள். நீலச் சாயம் பாதி உரிந்த வெள்ளிப் பேனா. என் பெயர் தெளிவாகத் தெரிந்தது.

“தண்ணி வத்தினதும் ஆ செங் வந்து மோட்டார் போட்ட இழுத்துப் போட்டாருண்ணே. அடிப்பலகையில குத்திக்கிட்டு இருந்துச்சு.”

“ரொம்ப நன்றிம்மா,” என்றேன். வேறென்ன சொல்வது?

“மங்களம் நேத்துலேந்து மருந்தடிக்கப் போவுது.” முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “அன்னைக்கு எல்லாரும் ஏறுனாங்க, நீங்க மட்டும் ஏறல. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். ஒங்களுக்கு அன்னைக்கே தெரியும்லண்ணே?”

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமாம்.

பேனாவைத் துடைத்து எழுதிப் பார்த்தேன். எழுதியது. அதாலேயே குறிப்புப் புத்தகத்தை விரித்து, முறைப்படி, ‘இதர விவகாரங்கள்’ என்ற தலைப்பின் கீழ் இப்படிப் பதிவு செய்தேன்:

‘படகு ஓட்டை என்பது முன்பே தெரியுமா என்று திருமதி வீரம்மா வினவினார். தெரியும் என்று செயலாளர் பதிலளித்தார். வழிமொழிய எவரும் முன்வரவில்லை.’