நாலு காலமும் ஒரு காலண்டரும்

கழுத்தில் ஒரு காமெரா தொங்கினால் போதும், மனுஷனுக்கு நடையும் பேச்சும் மாறிவிடும். மேகத்தைப் பார்த்தால் 'மழை வருமோ, கொடியில் கிடக்கிற துணி நனையுமோ' என்று யோசிக்கிற சாதாரண ஜென்மம், 'வெளிச்சம் பத்தாது' என்று ஆகாயத்தையே குறை சொல்ல ஆரம்பித்துவிடும். எழுபதுகளின் கடைசியில் நான் அப்படித்தான் ஆகிப்போனேன். போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டில் நின்று, இரண்டு கை விரல்களையும் சட்டம் மாதிரி பிடித்து, அதன் வழியாக மலையைப் பார்ப்பேன். பக்கத்தில் நிற்பவர்கள் எனக்கு ஏதோ கண்ணில் கோளாறு என்று நினைத்து, பரிதாபப்பட்டு வழிவிடுவார்கள்.

காமெரா என்னுடையதில்லை. அக்கா வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. கூடவே ஒரே ஒரு கலர் ஃபிலிம் ரோல். "இதுக்கு மேல கேக்கக் கூடாது" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

இந்தக் கதையில் முக்கியமான ஆள் என் தாய்மாமா. அவருக்குப் போடியில் ஏலக்காய்க் கடை, போடிமெட்டுக்கு மேலே ஒரு சின்ன ஏலத்தோட்டம், வளர்மதி என்று ஒரு மகள். (மூன்றில் கடைசியாகச் சொன்ன சொத்தின் மேல்தான் எனக்குக் கண்.) முறைப்படி அவள் எனக்குத்தான். ஆனால் மாமாவுக்கு என் மேல் துளி மதிப்பு கிடையாது. ராசிங்காபுரத்தில் அப்பாவின் வயலுக்கு ஒழுங்காகத் தண்ணீர் கட்டத் தெரியாதவன், பி.ஏ. படித்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு திரிகிறவன் என்பது அவர் கணக்கு. இதற்கிடையில் உத்தமபாளையத்திலிருந்து பேங்க் உத்தியோகத்தில் இருக்கும் ஒருவனின் ஜாதகம் வேறு வந்துவிட்டது.

விட்டால் காரியம் கெட்டுவிடும் என்று ஒருநாள் கடைக்கே போய்விட்டேன். மாமா வருஷா வருஷம் வாடிக்கையாளர்களுக்குச் சிவகாசியில் காலண்டர் அடித்துக் கொடுப்பார்.

"மாமா, எல்லாரும் சாமி படந்தான் போடுறாங்க. இந்தத் தடவ நம்ம மலையையே போடுவோம். பனி, கோடை, சாரல், அடைமழை. நாலு காலத்துக்கும் நாலு படம். நான் எடுத்துத் தர்றேன்."

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி மாப்ளே. ஒரு வருசம் பாப்போம். நாலு படமும் நல்லா வந்துச்சுன்னா நீயும் ஒரு சோலிக்கு ஆவேன்னு நம்புறேன். பொண்ணப் பத்திப் பேசுவோம். வரலைன்னு வையி, உத்தமபாளையத்துக்குச் சொல்லி விட்டுருவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியக் கூடாது."

தை மாதப் பனியில் வேலையைத் தொடங்கினேன். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பின் பின்னால் தொங்கிக்கொண்டே கத்தினேன். "அண்ணே, அந்த வளைவுல செத்த நிப்பாட்டுங்க, பனி அருமையா இருக்கு!"

"பனி அருமையா இருக்கதாலதான் தம்பி நிப்பாட்ட முடியல" என்றார் டிரைவர். "பின்னால வர்ற லாரிக்காரன் கண்ணுக்கு நம்ம தெரியமாட்டோம். உள்ள ஏறி ஒக்காருங்க."

கோடையில் ஏலப்பூ. ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேலே வளரும்; பூ மட்டும் அடித்தூரில், தரையை ஒட்டிப் பூக்கும். அதனால் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு படம் பிடித்தேன். களை எடுக்க வந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள்.

"ஏ ஆத்தா, சின்ன மொதலாளி மயங்கிக் கெடக்காரு! வெரசா வெள்ளம் கொண்டாங்கடி!"

(மலையில் மலையாளம் கலந்து, தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். அவர்கள் என் தலையில் ஊற்றியதும் கிட்டத்தட்ட அந்த அளவுதான்.) காமெராவை வயிற்றுக்கடியில் வைத்துக் காப்பாற்றினேன்.

ஆடிச் சாரலில் ரோல் முடிந்தது. அருவி, நனைந்த பாறை, மேகம் இறங்கும் சரிவு என்று அமர்க்களமாக எடுத்திருந்தேன். கழற்றிய ரோலைப் போடிக்குக் கொண்டுபோகலாம் என்றால், ரோட்டில் மண் சரிந்து ஜீப் ஓடவில்லை. போடியில் ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணாச்சி, "ஃபிலிமுக்கு ஈரம் மட்டும் ஆகாது, பூஞ்சணம் பிடிச்சிரும்" என்று எச்சரித்திருந்தார். மலையிலோ சுவரே வியர்த்துக்கொண்டிருந்தது. என் கல்யாணமே அந்தச் சின்ன டப்பாவுக்குள் இருக்கிறது, அதில் பூஞ்சணம் பிடித்தால் நான் என்ன செய்வேன்?

ஏலத்தோட்டங்களில் ஸ்டோர் என்று ஒரு கட்டடம் உண்டு. பச்சை ஏலக்காயை உலர்த்துகிற இடம். வெளியே அடுப்பில் விறகு எரியும்; அந்தச் சூடு பெரிய தகரக் குழாய்களில் உள்ளே ஓடும். மலையில் எது நனைந்தாலும் ஸ்டோருக்குத்தான் போகும். கம்பளி, தலையணை, தீப்பெட்டி, பீடிக்கட்டு, ஒருமுறை மழையில் மாட்டிய கோழிக்குஞ்சுகூட அங்கேதான் உயிர் பிழைத்தது. அப்புறம் என் ஃபிலிம் மட்டும் என்ன பாவம் செய்தது?

ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் முத்தையா அண்ணனிடம் ரோலைக் கொடுத்தேன்.

"கொழாய்க்குப் பக்கத்துலயே வைக்கிறேன் தம்பி. ஒரு பொட்டு ஈரம் இருக்காது."

ஒரு பொட்டு ஈரமும் இருக்கவில்லை, அதுவரை உண்மை. ரோடு சரியாகும்வரை, புது ஏலக்காயோடு சேர்ந்து என் பனியும் கோடையும் சாரலும் அங்கேயே பதமாக வறுபட்டன. நான் தினமும் போய்த் தொட்டுப் பார்த்து, 'ஆஹா, கதகதப்பாக இருக்கிறது' என்று மகிழ்ந்தேன். எனக்கு அவ்வளவு அறிவு!

மிச்சம் ஐப்பசி அடைமழை. கையில் ஃபிலிம் இல்லை. ஸ்டூடியோ அண்ணாச்சி மனமிரங்கி, இருட்டறையில் ஒரு துண்டு கலர் ஃபிலிம் வெட்டிக் காமெராவில் போட்டுக் கொடுத்தார். மூன்று படம் வரும். அத்தையும் வளர்மதியும் அப்போது தோட்டத்துக்கு வந்திருந்தார்கள். அவளிடம் கெத்துக் காட்டும் அவசரத்தில் முதல் இரண்டையும் மேகத்துக்குள் சுட்டு வீணாக்கினேன்.

அப்புறம் மழை சட்டென்று விட்டது. அடேயப்பா! கழுவித் துடைத்த மாதிரி மலை. கீழே கண்மாய்கள் எல்லாம் நிறைந்து பளபளவென்று கிடந்தன. இதுதான் என் கல்யாணப் படம் என்று பாறை மேல் ஏறினேன். அத்தையும் வளர்மதியும் பின்னாலேயே வந்தார்கள். சட்டையைக் கழற்றி லென்ஸைத் துடைத்து, வேட்டியை முழங்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டியிருந்தேன். வழுக்கும் என்று கையில் ஒரு தடி. கண்ணை இடுக்கிக் கோணம் பார்க்கும்போதுதான் தொடையில் என்னவோ ஊர்ந்தது.

அட்டை.

காமெராவை வளர்மதி கையில் திணித்துவிட்டு, வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, தடியை ஊன்றி ஒற்றைக்காலில் நின்று "அய்யோ, எடுங்க, எடுங்க!" என்று அலறினேன். அவள் அட்டையை எடுக்கவில்லை. படத்தை எடுத்துவிட்டாள்.

"அடியேய், அது கடைசிப் படம்டி!"

"ஏன் கத்துறீக அத்தான்? மலையுந்தான் சேந்து விழுந்திருக்கும்" என்றாள், சிரிப்பை அடக்க முடியாமல்.

இரண்டு ஃபிலிமும் கழுவுவதற்கு மெட்ராஸுக்குப் போய்த் திரும்பின. கவரைக் கடையில் வைத்து, எல்லார் முன்னாலும் பிரிக்க வேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார். ஏலக்காய் வாங்க வந்தவர்களும் சுற்றி நின்றார்கள். முதல் படம் செங்கல் நிறத்தில் ஒரு கசங்கல். இரண்டாவதும் அதே. பனி எது, அருவி எது என்று பெற்ற எனக்கே தெரியவில்லை.

"என்ன மாப்ளே, நாலு காலத்த எடுக்கச் சொன்னா அடுப்புக்குள்ள போய்ப் படம் எடுத்திருக்கே?" என்றார் மாமா.

கடைசியாக வந்தது வளர்மதி எடுத்த படம். தெள்ளத் தெளிவு. வானம், மலை, கண்மாய், அத்தனைக்கும் நடுவில் இடுப்பில் சுருட்டிய வேட்டியோடு, தடி பிடித்து ஒற்றைக்காலில் வாயைப் பிளந்து நிற்கிற நான். கடையே குலுங்கியது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"இதச் சிவகாசிக்குக் கொண்டுபோய், இந்தப் பயல அழிச்சுட்டு மலைய மட்டும் போடச் சொல்லு. அப்படியே உத்தமபாளையத்துக்கும் ஒரு ஆள அனுப்பணும்."

நான் அன்றைக்கு ராசிங்காபுரம் வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. சோறு இறங்கவில்லை. அவளை இழந்துவிட்டேன் என்று தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிஜமாகவே அழுதேன்.

காலண்டர் கட்டுகள் வந்த அன்று மாமாவிடமிருந்து ஆள் வந்தது. பயந்துகொண்டே போனேன். மாமா ஒரு காலண்டரை நீட்டினார்.

என்னை அழிக்கவில்லை. பிளந்திருந்த என் வாய் மூடிப் புன்னகைத்தது. நெற்றியில் பட்டையாக விபூதி, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், வேட்டி இருந்த இடத்தில் கோவணம், தூக்கிய காலுக்குக் கீழே ஒரு மயில். கையில் அதே தடி. சாட்சாத் தண்டாயுதபாணி! மூக்கு மட்டும் எங்கள் அப்பா வழி மூக்கு.

மாமா அச்சகத்துக்கு டிரங்க் கால் போட்டுக் கத்தியிருக்கிறார். அவர்கள் பதறவே இல்லை. "மொதலாளி, சாமி இல்லாம காலண்டர் அடிச்சா எவன் வீட்டுல மாட்டுவான்? எங்க ஆர்ட்டிஸ்டு பாத்தாரு. மலை இருக்கு, தடி இருக்கு, இடுப்புலயும் துண்டா ஏதோ இருக்கு. மிச்சத்த அவரே பாத்துக்கிட்டாரு" என்றார்களாம்.

அதற்குள் பாதிக் கட்டு ஜீப்பில் தோட்டங்களுக்குப் போய்விட்டது. கடைக்கு வந்தவர்களும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பெரியவர், "சாமி முகத்துல என்ன களை!" என்று உருகினார். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன். ஆனாலும் டீக்கடைக்காரர் கண்டுபிடித்துவிட்டார். அப்புறம் கேட்க வேண்டுமா, சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

அத்தைதான் வாயைத் திறந்தார். "கடை பேரு போட்ட காலண்டர்ல சாமியா நிக்கிற பிள்ளைய விட்டுட்டு, வேற எடத்துல பொண்ணக் குடுத்தா ஊரு காறித் துப்பாதா?"

மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். "தை பொறக்கட்டும்" என்றார் கடைசியில். "அவன மட்டும் இனிமே காமெராவத் தொட வேண்டாம்னு சொல்லு."

கல்யாணம் முடிந்து எத்தனையோ வருஷம் கழித்துத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். வேலையாட்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள். உள்ளே பார்த்தால், கண்ணாடிச் சட்டம் போட்டு, பூ வைத்து, விளக்கேற்றி, நான்! அந்த வீட்டம்மா என் கையில் திருநீற்றுத் தட்டைக் கொடுத்தார். "கும்புட்டுக்கங்கய்யா. கேட்டதக் குடுக்குற சாமி."

மறுத்தால் மனம் நோகுமே என்று என்னையே நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டேன். பக்கத்தில் வளர்மதி முந்தானையை வாயில் வைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் அன்று சொன்ன பதிலைச் சொல்லிக் காட்டாமல் அனுப்புவதில்லை:

"உங்களுக்குக் கேட்டாத்தான் குடுக்குறாரு ஆத்தா. எனக்கு, நான் ஒரு வார்த்த கேக்காமலே, கழுத்துல தாலியக் கட்டிக் கூடவே வந்துட்டாரு."