முப்பத்தேழாம் எண் யாருடையது?

மல்லசமுத்திரம்,
பொங்கலுக்கு மறுவாரம்.

மகள் தனப்பிரியாவுக்கு அப்பா கந்தவேல் எழுதுவது. ‘அன்பு’ என்ற சொல்லை இந்தக் கடிதத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் ஒன்பதாயிரம் கோழிகளும் நலம். பின்லாந்தில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நேற்றுக் காலை உங்கள் ஊரில் மைனஸ் பதினொன்று, காற்றும் உண்டு என்று தெரிய வந்தது. எப்படித் தெரிய வந்தது என்பது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லாத விஷயம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது பேச்சு அல்ல, புகார். வேலைக்கு அவ்வளவு தூரம் போவதாக இருந்தால் என்னோடு பேசாதே என்று ஆனி மாதம் நான் சொன்னது அப்படியே இருக்கிறது. பிறந்ததிலிருந்து என் சொல் ஒன்றையும் கேட்காத நீ, இந்த ஒன்றை மட்டும் ஏழு மாதமாகத் தவறாமல் கேட்டு வருகிறாய். அதுவே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. வீட்டுக்கும் பண்ணைக்கும் சேர்த்து நீ மாட்டிவிட்டுப் போன வைஃபை பெட்டியைப் பற்றித்தான் புகார். போனில் எழுதினால் அந்தப் பெட்டி வழியாகத்தான் வெளியே போக வேண்டும். குற்றவாளி கையிலேயே புகாரைக் கொடுத்தனுப்ப நான் ஏமாளி அல்ல. அதனால்தான் பதிவுத் தபால்.

விஷயம் ஜிலேபியில் தொடங்கியது. கார்த்திகைக் கடைசியில் தீவன மூட்டை ஏற்றத் திருச்செங்கோடு போனபோது, அன்றைக்குத்தான் திறந்த பலகாரக் கடையில் இரண்டே இரண்டு ஜிலேபி சாப்பிட்டேன். கூட இருந்தவர் நம் பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் சின்னண்ணன் மட்டும். மறுநாள் உன் அம்மா உன்னோடு பேசிவிட்டுப் போனை வைத்தாள். “சர்க்கரைய வெச்சுக்கிட்டு ஜிலேபி தின்னீங்களாமா, பாப்பா கேக்குது” என்றாள். திருச்செங்கோட்டு ஜிலேபி பின்லாந்துக்கு எப்படித் தெரிந்தது? உளவு சொல்வது யார்? பெட்டியைப் பற்றி நீ எழுதிவைத்துவிட்டுப் போன நோட்டை அன்றே எடுத்து உட்கார்ந்தேன்.

நெட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நடைமுறை உண்டு, அதற்குப் புரோட்டோகால் என்று பெயர் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். படிக்கப் படிக்க எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே போனது. மெயிலை அனுப்ப எஸ்எம்டிபி, வந்த மெயிலை எடுத்துக் காட்ட ஐமேப் என்கிறாய். ஒரு கடிதத்துக்கு இரண்டு ஆள் எதற்கு என்று எங்கேயும் சொல்லவில்லை. டிசிபி, அனுப்பியது முழுசாகப் போய்ச் சேர்ந்ததா என்று பதில் வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்புமாம். ‘சாப்பிட்டியா’ என்று உன் அம்மா உனக்கு அனுப்புவது இந்த ரகம். யூடிபி அப்படியில்லை, கோழிக் கொட்டகைக் கேமராப் படம் மாதிரி போட்டது போட்டபடி போய்க்கொண்டே இருக்கும், சேர்ந்ததா என்று கேட்காது. உன் அப்பன் எந்த ரகம் என்று நீயே முடிவு செய்துகொள். எச்டிடிபிஎஸ் வந்ததும்தான் எனக்கு வேர்த்தது. வெப்சைட்டைக் கொண்டுவரும் வழி அது, நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிக்கொண்டு போகும் என்கிறாய். என் வீட்டுக் கம்பியில், எனக்கே தெரியாமல், பூட்டிய பேச்சு நடக்கிறது.

அடுத்து, கொட்டகை லைட்டுகளை ஏற்றி அணைக்கும் கருவி நாள் முழுக்க யாரோ வெளியாளிடம் மணி கேட்பதைக் கண்டுபிடித்தேன். அதற்கு என்டிபி என்று பெயர் எழுதியிருந்தாய். மூன்று சுவர்க்கடிகாரம் ஓடுகிற இடத்தில் அயலானிடம் மணி கேட்பானேன் என்று நிறுத்திவிட்டேன். நான்காம் நாள் மத்தியானம் கரண்ட் போய் வந்தது. மணி சொல்ல ஆளில்லாமல் கருவி கண் விழித்தபோது அதற்கு 1970 ஜனவரி ஒன்றாம் தேதி விடிகாலை, நானே பிறந்திருக்கவில்லை. கோழிகளுக்கு உச்சிவெயிலில் லைட் எரிந்தது, விடியுமுன் எரிய வேண்டிய நேரத்தில் இருட்டு. ஒரு வாரத்தில் முட்டை முன்னூறு குறைந்தது. கோழிக்கு ஏதோ சீக்கு என்றார் சின்னண்ணன். நானும் ஆமாம், அப்படித்தான் தெரிகிறது என்று சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் என்டிபியைத் திறந்துவிட்டேன்.

உண்மையான தடயம் அதற்குப் பிறகுதான் கிடைத்தது. வெப்சைட்டின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைத் தேடிக் கொடுப்பது டிஎன்எஸ். யார் எந்தப் பெயரைக் கேட்டார்கள் என்பது பெட்டியிலேயே பதிவாகிறது. பார்த்தால், 37 என்ற எண்ணுள்ள ஒரு கருவி, ஆங்கில எழுத்தும் புள்ளியுமாக முழ நீளப் பெயர் ஒன்றை ஒரு நாளைக்கு முப்பது தடவை கேட்கிறது. எழுந்ததும் அதுதான் முதல் வேலை, படுக்கும் முன்பும் அதுதான் கடைசி வேலை. வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் கொடுப்பது டிஎச்சிபி என்று எழுதி, கீழே பட்டியலும் போட்டிருக்கிறாய். அதில் 37, சின்னண்ணன் போன்.

பத்தொன்பது வருடமாக நம்மிடம் இருப்பவர். முட்டை எடுத்துக்கொண்டிருந்தவரை நிறுத்திக் கேட்டுவிட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. “எம்மேலயே சந்தேகமாங்க? அப்பிடின்னா நான் ஊட்டுக்குப் போறனுங்க” என்று சாவியை முட்டை அட்டை மேல் வைத்துவிட்டுப் போனார். மூன்று நாளாக வரவில்லை. ஒன்பதாயிரம் கோழிக்கும் நானும் உன் அம்மாவும்தான். தப்புச் செய்துவிட்டேனோ என்று உன் அம்மாவிடம் கேட்டால், “அதையும் அந்தப் பொட்டிகிட்டயே கேளுங்க” என்கிறாள்.

ஆனால் அவர் வராத இந்த மூன்று நாளும் 37 அதே பெயரைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. ஆகவே இன்று சாயங்காலம் 37-ஐ அடைக்கப் போகிறேன். வழி உன் நோட்டிலேயே இருக்கிறது. நெட் வரவில்லை என்று யார் முகம் வாடுகிறதோ அவர்தான் உளவாளி. ஆள் அகப்பட்டதும் பெட்டியைக் கழற்றிவிடுவேன். உனக்கும் எனக்கும் பேச்சு இல்லை என்பதில் மாற்றமில்லை.

திருச்செங்கோட்டு மலையில் இருப்பவர் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்ளட்டும். இது புகார்க் கடிதத்திலும் எழுதக்கூடியதுதான்.

இப்படிக்கு,
புகார்தாரர்,
கந்தவேல்.

பின்குறிப்பு: ஆறு மணிக்கு 37-ஐ அடைத்தேன். உன் அம்மா போனில் சீரியல் அதுபாட்டுக்கு ஓடியது. யாரும் வரவில்லை. அரைமணி காத்திருந்து பொழுது போகாமல், வழக்கம்போல என் போனை எடுத்து உங்கள் ஊர்க் குளிரைப் பார்க்கப் போனேன். சுற்றிக்கொண்டே இருக்கிறது, வரவில்லை. 37 நான்தான். உன் நோட்டில் இரண்டு பக்கம் வெள்ளைக்கரு பட்டு ஒட்டிக்கிடந்தது. பிரித்தால், கரண்ட் போய் வந்தால் எண்கள் மாறலாம் என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறாய். நேரே சின்னண்ணன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பலகாரக் கடைக்காரர் திறப்புவிழாப் படத்தை ஊர் பார்க்க நெட்டில் போட்டிருக்கிறார். முன்வரிசையில் வாய் நிறைய ஜிலேபியோடு நான். அதைக் காட்டியவரும் சின்னண்ணன்தான். நாளைக்கு வாரேன் என்று சொல்லியிருக்கிறார். தபால் போய்ச் சேர இருபது நாளாகுமாம், அதனால் இந்தக் கடிதத்தை உன் அம்மா போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பூட்டியே போகட்டும், நடுவில் யாரும் படிக்க வேண்டாம். என்டிபியைத் திறந்த வழியில் 37 திறக்கவில்லை; எண்ணை அடைக்க வழி எழுதிய நீ, திறக்க வழி எழுதவில்லை. கடைசியாகப் பார்த்தபோது மைனஸ் பதினாறு. இப்போது எவ்வளவு என்று தெரியவில்லை. நீயே போன் பண்ணிச் சொல்லு சாமி.