துண்டுத் தரகரின் தாடை

1930களில் துடியலூரில் எங்கள் பக்கத்து வீட்டுத் துண்டுத் தரகரைப் போல வாயைத் திறக்காமல் குடும்பம் நடத்திய மனிதர் கொங்கு நாட்டிலேயே கிடையாது. அந்தியூர்ச் சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்ப்பது அவர் தொழில். அவர் வாயையோ யாராலும் பிளக்க முடியாது. தாடை மூட்டில் வாதம். கொட்டாவி விட்டால்கூடக் 'கடக்' என்று சத்தம் வரும்.

சந்தையில் மாட்டு விலையைத் துண்டு மறைவில் கையை விட்டு, பிடிக்கும் விரல் எண்ணிக்கையாலேயே பேசுவார்கள் அல்லவா? வலி முற்றியதும் அந்தப் பேச்சை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். எத்தனை விருந்தாளி, எத்தனை குடம் தண்ணீர், எல்லாம் சம்சாரத்தோடு துண்டுக்குள்தான். ஒருநாள் நாவிதரின் கைமேலும் துண்டைப் போட்டு விரலைப் பிடித்தார். நாவிதர் பதறிக் கத்தியைக் கீழே போட்டுவிட்டார்.

மெல்ல முடியாததால் மாதக்கணக்கில் மில் அரிசிக் கஞ்சித் தெளிவு மட்டுமே சாப்பாடு. வாயோரம் வெடித்தது, நாக்கு சிவந்தது, பாதம் மரத்தது. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்தார். நான்தான் பயந்துபோய், வண்டி கட்டி, தரகரையும் சம்சாரத்தையும் கோயமுத்தூர் டாக்டரிடம் கூட்டிப்போனேன். வழியெல்லாம் என் தாடையையும் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

"மூட்டு வாதத்தோட காலம் தள்ளிரலாம். ஆனா வெறுங்கஞ்சி குடிச்சுக் குடிச்சு உடம்புல வைட்டமின் இல்லை, இரும்புச் சத்து இல்லை. இப்படியே விட்டா கால் விழுந்துரும்," என்றார் டாக்டர்.

வைட்டமின் என்பது ஊசியா உருண்டையா என்று அஞ்சாங்கிளாசோடு நின்ற எனக்குத் தெரியவில்லை. தரகர் சம்சாரம் கேட்டே விட்டார்: "ஏனுங்க டாக்டரய்யா, சோத்தையே மெல்ல முடியலீங்க, இரும்பை எங்கீங்க மெல்லுறது?"

டாக்டர் சிரித்துக்கொண்டே, தவிடு போகாத அரிசி, ராகிக் கூழ், மசித்த கீரை, பயறு, முட்டை என்றார்.

தரகர் பல்லிடுக்கில் முனகினார்: "தவுடு மாட்டுக்குங்க."

"அதானுங்க நம்மூட்டுல மாடு மட்டும் தெம்பா நிக்குது!" என்றார் சம்சாரம்.

வீட்டுக்கு வந்ததும் முருங்கைக்கீரையையும் பயறையும் கூழாகக் கடைந்து வைத்தார். தரகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் எழுந்து நிற்கவே சுவரைப் பிடித்தார். அந்த அம்மாள் எதிரில் உட்கார்ந்து, அவர் தோளிலிருந்த துண்டை உருவி, அவர் கைமேலேயே போட்டு, உள்ளே தன் கையை விட்டார். தினம் எத்தனை கிண்ணம் என்பதுதான் பேரம்.

துண்டு அசைந்தது. நெடுநேரமாகியும் கை வெளியே வரவில்லை. சந்தையில் அரை நாள் பேரம் பேசி எதிராளியை அழவைக்கிறவராயிற்றே! இந்த அம்மாள் தோற்றால் அவருக்குக் கால் போய்விடுமே என்று வாசலில் நின்று நகம் கடித்தேன்.

கடைசியில் அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். உள்ளே தரகர் கிண்ணத்தைக் கையில் எடுத்தார்.

"பேரம் ரொம்பக் கஷ்டமுங்களா, அக்கா?"

"பேரமே இல்லீங்க தம்பி. நான் புடிச்ச மொதப் புடிக்கே செரீன்னுட்டாரு."

"அப்பறம் ஏனுங்க அத்தனை நேரம்?"

"அவரு என் கையை உடவே இல்லீங்க."