துடைத்து வைத்த தோட்டம்

பெங்களூர் கண்டோன்மென்டில் ஓர் இனம் உண்டு. பெயர், சுத்தத் தோட்டக்காரர். ஆபீஸ் விட்டதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் தோட்டத்தில் இறங்கி, தும்பையைப் பிடுங்கி, தேரையைத் துரத்தி, சுவர்ப் பொந்திலிருந்த தேன்கூட்டுக்குப் புகை போட்டு, சுண்ணாம்படித்த செங்கல் வரிசைக்கு நடுவே இடுப்பில் கைவைத்து நின்று, "இதுவல்லவோ தோட்டம்!" என்பார். எறும்புகூட அவரிடம் அனுமதி கேட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இவரை நீங்கள் பார்த்ததில்லையா? நான் தினம் பார்க்கிறேன், சவரம் செய்யும்போது.

பக்கத்து வீட்டு வைத்தீஸ்வரன் வேறு ரகம். அவர் தோட்டத்தில் எது முளைத்தாலும் இருக்கலாம், எது பறந்தாலும் உட்காரலாம்.

"இது தோட்டமா, சத்திரமா சார்?" என்று கேட்டேன்.

"இர்லி, இருந்துட்டுப் போவுது விடுங்க சார், அதுங்க வேற எங்க போவும்?" என்றார். அவருக்காகப் பரிதாபப்பட்டேன்.

எங்கள் வேதக்கோயிலில் வருடந்தோறும் அறுப்பின் பண்டிகை நடக்கும். அவரவர் வீட்டில் விளைந்ததைப் பீடத்தின் முன் வைக்க வேண்டும். கடையில் வாங்கி வைப்பவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்துச் சிரிப்பது என் வழக்கம். இந்த வருடமோ, தேரை போன இடத்தில் கொசு குடியேறியது. என் பூசணிக்கொடி பூத்தது, பூத்தது, பூத்துக்கொண்டே இருந்தது. பிஞ்செல்லாம் வெம்பி உதிர்ந்தது.

"தேனீ வந்தாத்தானே காய் புடிக்கும்? நீங்கதான் பொகை போட்டு ஓட்டிட்டீங்களே! பண்டிகைக்கு எதைக் கொண்டுபோறது?" என்றாள் என் மனைவி யூனிஸ்.

விடுவேனா? விடிந்ததும் தலையில் துரைமார் போடும் சோலா தொப்பியும், கையில் படம் வரையும் தூரிகையுமாகப் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைத்தேன். எது ஆண்பூ, எது பெண்பூ என்பதில் மட்டும் சிறு குழப்பம். தேனீ சம்பளமில்லாமல் பார்த்த வேலை எனக்கு வரவில்லை.

சுவருக்கு மேலே வைத்தீஸ்வரன் தலை தெரிந்தது. "என்ன சார், பூவுக்குப் பெயின்ட் அடிக்கிறீங்களா?"

பண்டிகைக்கு முதல் நாள் அவரே பானை அளவு பூசணி ஒன்றைச் சுவர்மேல் தூக்கி வைத்தார். "உங்க கொடிதான் சார். செவுரு ஏறி எங்க பக்கம் வந்து காய்ச்சிருக்கு."

என் கொடிக்கே என் தோட்டம் பிடிக்கவில்லை! வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடே வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் போதகர் பூசணியைத் தட்டிப் பார்த்தார். "எவ்ளோ பெரிசு! என்ன பிரதர் ரகசியம்?"

யூனிஸ் என்னையே பார்த்தாள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சுத்தம்தான் ஐயா" என்றேன்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அப்படியே உங்கள் தோட்டத்துக்குப் போய்க் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். ரீங்காரம் ஒன்றும் கேட்கவில்லையென்றால், நல்ல தூரிகையாகப் பார்த்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.