ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், அத்தை

பெருமதிப்பிற்குரிய அத்தைக்கு,

உங்கள் தம்பியின் மூத்த மகள் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீங்களும் மாமாவும் உங்கள் முழங்கால் வலியும் எப்படி என்று அறிய ஆவல். வலி நலமாக இருக்க வேண்டாம், நீங்கள் இருந்தால் போதும். வீட்டில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் உங்கள் குரலைக் கேட்டதும் எனக்கு ‘ம்’ என்பதைத் தவிர வேறெதுவும் வருவதில்லை. போன முறை நீங்கள் “என்ன, லைன் கட்டாயிடுச்சா” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். கட்டாகவில்லை அத்தை, நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

நான் முதலில் கவனித்தது வாளியைத்தான். குளியலறையில் குழாய்க்கு அடியில் இருக்க வேண்டிய வாளி கதவுக்குப் பின்னால் நகர்ந்திருந்தது. யாரோ அவசரத்தில் தள்ளியிருப்பார்கள் என்று எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன். மறுநாளும் அது கதவுக்குப் பின்னால்தான் இருந்தது, இந்த முறை விளிம்பு வரை தண்ணீரோடு. அதை அங்கே வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். எங்கள் மூவரில் நடுவிலவள்தான். ஏன் என்றும் ஓரளவு தெரியும். ஆனால் யாரும் என்னைக் கேட்கவில்லை, கேட்காமல் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

எங்கள் வீட்டில் எந்த அறைக்கும் உள்தாழ்ப்பாள் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பூட்டும் சாவியும் தாழ்ப்பாளும் விற்கிற மனிதர் வீட்டில், ஊரில் பாதிப் பேருக்குக் கதவு திறந்துவிட்ட மனிதர் வீட்டில், வாசல் கதவைத் தவிர எதையும் சாத்திக்கொள்ள முடியாது. கடைக்குட்டி நடக்கப் பழகிய புதிதில் எங்கள் அறைக்குள் போய்க் கீழ்த்தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். வெளியே அம்மா அழுகிறாள், உள்ளே இவள் கைதட்டிச் சிரிக்கிறாள். அப்பா வந்து கதவைப் பெயர்த்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கே வீட்டைச் சுற்றி வந்து உள்தாழ்ப்பாள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். அதற்குப் பிறகு குளியலறைக்கு ஒரு சட்டம் வந்தது. உள்ளே இருப்பவர்கள் சத்தமாகப் பாட வேண்டும். பாட்டுக் கேட்டால் ஆள் இருக்கிறது, கேட்காவிட்டால் காலி. அம்மா பழைய பாட்டுப் பாடுவாள், அப்பா மூன்று பாட்டைக் கலந்து ஒரே பாட்டாகப் பாடுவார். எனக்குப் பாட வராது. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது ‘உள்ளேன்’ என்று சொல்லவே சத்தம் வராமல், வகுப்பில் உட்கார்ந்துகொண்டே பாதி நாள் வராதவளாகப் பதிவானவள் நான். அதனால் வாய்ப்பாடு சொல்லுவேன். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கினால் வெளியிலிருந்து அப்பா விடையை எடுத்துக் கொடுப்பார்.

நடுவிலவளுக்குப் பதின்மூன்று வயதானதும் பாட்டு நின்றது. “நான் பாட மாட்டேன். நான் என்ன ரேடியோவா?” என்று அம்மாவிடம் சொன்னாள். பாட்டுக்குப் பதிலாகத்தான் வாளி. போன வாரம் காலையில் உள்ளே சத்தம் இல்லை என்று அப்பா பல் துலக்கும் பிரஷ்ஷோடு போய்க் கதவைத் தள்ளினார். கதவு வாளியில் இடித்தது, வாளி சாய்ந்தது, தண்ணீர் கதவுக்கடியில் வழிந்து கூடத்துக்கு வந்து, இஸ்திரி போட்டு அடுக்கிவைத்திருந்த துணிகளை நனைத்துவிட்டுத்தான் நின்றது. உள்ளேயிருந்து நடுவிலவள் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார்.

தலையைத் துவட்டாமலே வந்து நின்று, “எனக்குத் தாழ்ப்பாள் வேணும். பாத்ரூமுக்கும் வேணும், எங்க ரூமுக்கும் வேணும்” என்றாள்.

“இந்த வீட்டுக்குள்ள யாருக்கு யார்கிட்ட என்ன ஒளிவு மறைவு?” என்றார் அப்பா.

“ஒளிக்கல. சாத்திக்கணும், அவ்வளவுதான்.”

“இத்தனை வருஷம் தொழில் பண்றேன். தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டு உள்ள மாட்டுனவங்க எத்தனை பேரைத் தூக்கி வெளிய போட்டிருக்கேன் தெரியுமா? தாழ்ப்பாளால நல்லா இருந்தவன் ஊர்லயே நான் ஒருத்தன்தான்.”

“அப்ப எனக்கும் ஒண்ணு குடுங்க, இன்னும் நல்லா இருப்பீங்க.”

அப்பாவுக்குக் கோபம் வந்தது. அவளுக்கு அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. அன்றோடு அவள் அப்பாவிடம் பேசுவதை நிறுத்தினாள். நடுவில் தூது போனவள் கடைக்குட்டி. சாப்பிடும்போது மூன்று பேரும் முழங்கை இடிக்கிற தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

“அப்பாகிட்டச் சொல்லு, எனக்குச் சோறு போதும்னு.”

“அப்பா, அக்காவுக்குச் சோறு போதுமாம்.”

“கோபத்துக்கு மட்டும் போதலையான்னு கேளு.”

“அக்கா, கோபம் இன்னும் கொஞ்சம் போடவான்னு கேக்கறாரு.”

நடுவிலவள் எழுந்து போய்விட்டாள். அந்தச் சூட்டில்தான் அப்பா உங்களுக்குப் போன் செய்து, இவளை ஒரு வருஷம் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார். நீங்களும் “வர்ற ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன், நிமிர்த்தி அனுப்பறேன்” என்றீர்கள். உங்கள் வீட்டில் அவள் நிமிர்வாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவள் இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று யாரும் யோசிக்கவில்லை. பஸ்ஸில் எனக்கு டிக்கெட் கேட்பவள் அவள். நான் பட்டன் கட்டுகிற தையல் கடையில் எனக்குப் போதுமான வெளிச்சம் இல்லை என்று முதலாளியிடம் போய்ச் சொல்லி, விளக்கு மாற்ற வைத்தவள் அவள். என்னைவிட நான்கு வயது சின்னவள்தான், ஆனால் வீட்டுக்கு வெளியே என் வாய் அவளிடம்தான் இருக்கிறது. என் வாயை நீங்கள் கூட்டிக்கொண்டு போகப் போகிறீர்கள் என்று தெரிந்தும், ‘வேண்டாம்’ என்று அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் நேற்று நடந்ததைக் கேளுங்கள். அப்பா பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அப்போது எங்கள் அறையிலிருந்து புயல் மாதிரி வந்த நடுவிலவள், அவருக்குக் கேட்கட்டும் என்று கதவை அறைந்து சாத்தினாள். உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். அவள் முகம் மாறிவிட்டது. கதவைத் தள்ளினாள், அது அசையவில்லை. அம்மா தள்ளினாள், அப்பா வந்து தோளால் இடித்தார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்திருக்கிறது. வீட்டில் இருக்கிற ஐந்து பேரும் வெளியே நிற்கிறோம்.

“உள்ள யாரு?” என்று கேட்டார் அப்பா, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே.

“பாடச் சொல்லுங்க, தெரிஞ்சிடும்” என்றாள் கடைக்குட்டி.

தாழ்ப்பாளே இல்லாத கதவில் தாழ்ப்பாள் எப்படி வந்தது என்று அப்பா கேட்கவில்லை. கேட்க நேரமில்லை. அவருடைய கருவிப் பை அந்த அறைக்குள் இருந்தது, அந்தப் பைக்குள் கடைச் சாவி இருந்தது. பை அங்கே எப்படிப் போனது என்பதையும் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்து அவருக்குப் போன். ஓர் அம்மாள், கதவு சாத்திக்கொண்டது, வெளியே நிற்கிறேன், உடனே வாருங்கள் என்றார்.

“அம்மா, நானும் வெளியதாம்மா நிக்கிறேன்” என்றார் அப்பா.

அடுத்த தெருவில் இன்னொரு பூட்டுக் கடை இருக்கிறது. அதை வைத்திருப்பவருக்கு அப்பா வைத்திருக்கும் பெயர் ‘தகரம்’. அவர் விற்பது எல்லாமே தகரம் என்பது அப்பாவின் கட்சி. அவரைக் கூப்பிட மற்றவர்கள் போக மாட்டோம் என்றதால் நான் போனேன். கடை முன்னால் நின்றேன். “சாவியாம்மா?” என்றார். தலையாட்டினேன். “பூட்டா?” அதற்கும் தலையாட்டினேன். “அப்பாவுக்கு ஏதாவதா?” என்று எழுந்தார். “கதவு... அப்பாவால... நீங்க...” என்று மூன்று வார்த்தை வந்தது. அது போதுமாக இருந்தது அவருக்கு. பண்டிகைக்குப் போகிறவர் மாதிரி சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு கடையை அடைத்தார்.

வந்தவர் கதவைத் தட்டிப் பார்த்தார், குனிந்து கீழே பார்த்தார். “அண்ணே, இதுல சாவித்துவாரம் இல்லையே” என்றார்.

“அது இருந்தா உன்னை ஏன்யா கூப்பிடறேன்?”

பிறகு தரையில் கன்னத்தை வைத்துக் கதவிடுக்கில் பார்த்தவர், “அட, இது நம்ம கடைத் தாழ்ப்பாளாச்சே. முந்தாநாள்தான் உங்க நடுப் பாப்பா வந்து வாங்கிட்டுப் போச்சு” என்றார்.

நடுவிலவள் சுவரோடு சுவராக நின்றாள்.

“நான் கேட்டேன்ணே, உங்க அப்பா கடையிலயே கிடைக்குமேம்மான்னு. அப்பா ஊருக்கெல்லாம் குடுப்பாரு, எனக்குக் குடுக்க மாட்டாருன்னுச்சு. நம்ம வீட்டுப் பிள்ளையாச்சேன்னு நல்லதாத்தான் பாத்துக் குடுத்தேன்.”

“இதுவா நல்லது?” என்றார் அப்பா. ஆனால் அதில் வழக்கமான காரம் இல்லை. அவர் எங்கள் யாரையும் பார்க்கவுமில்லை. தகரத்திடம் இருந்து நீள மூக்குக் குறடை வாங்கிக்கொண்டு, தானே தரையில் குப்புறப் படுத்தார்.

பழைய கீழ்த்தாழ்ப்பாள் இருந்த இடத்திலேயே, பழைய ஓட்டைகளிலேயே நடுவிலவள் புதியதை மாட்டியிருந்தாள். அகன்றுபோன ஓட்டையில் திருகாணி இறுகவில்லை, தூக்கி நிறுத்திய கம்பி கதவை அறைந்த அதிர்ச்சியில் தானாகவே விழுந்துவிட்டது. கதவுக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையாத இடுக்கில் அந்தக் கம்பி கொஞ்சமாகத் தெரியும். அதைக் குறடால் பிடித்து மேலே தள்ள வேண்டும். அப்பா பிடிப்பார், நழுவும். மறுபடி பிடிப்பார், நழுவும். அவர் முதுகுச் சட்டை நனைந்துவிட்டது.

“கம்பியக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பிட்டுத் தூக்கணும்ப்பா” என்றது ஒரு குரல்.

அப்பா அப்படியே அசையாமல் கிடந்தார். “யாரு பேசறது?”

“நான்தான்.”

“பாப்பாகிட்டச் சொல்லி அனுப்பாம நேராவே சொல்ற?”

“அது தப்பாச் சொல்லிடும்ப்பா.”

“சரி. உள்ள சாத்திக்கிட்டு உனக்கு என்ன வேலை?” இதையும் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஒண்ணும் இல்லப்பா. சும்மா இருப்பேன்.”

“சும்மா இருக்கறதுக்கா தாழ்ப்பாள்?”

“திறந்து வச்சா யாரும் சும்மா இருக்க விட மாட்டேங்கறீங்களே.”

அப்பா கம்பியை இடது பக்கம் திருப்பித் தூக்கினார். கதவு திறந்தது. தகரம் கைதட்டினார், எங்களில் யாரும் தட்டாததால் நிறுத்திக்கொண்டார். அப்பா எழுந்து உள்ளே போய், பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அவள் மாட்டியிருந்த தாழ்ப்பாளை கழற்றினார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். நடுவிலவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அப்பா கழற்றியதைத் தகரத்தின் கையில் கொடுத்துவிட்டு, கடைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் இரண்டு பித்தளைத் தாழ்ப்பாள். கடையில் கண்ணாடிக்குள் காட்சிக்கு வைத்திருப்பாரே, யார் கேட்டாலும் விலையைக் கூட்டிச் சொல்லித் திருப்பி அனுப்புவாரே, அவைதான். எங்கள் அறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று. புது ஓட்டை போட்டு, நடுவிலவளைக் கூப்பிட்டு அவள் கை எட்டுகிற உயரத்தைப் பார்த்து, மாட்டி முடித்தார். “உள்ள போய்ப் போட்டுப் பாரு” என்றார். அவள் போட்டாள். அப்பா வெளியே நின்று விரலை மடக்கி, இரண்டே இரண்டு தட்டுத் தட்டினார்.

“யாரு?”

“பூட்டு ரிப்பேர்காரன்.”

கதவு திறந்தது.

ஆகையால் அத்தை, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை சிரமப்பட்டு வர வேண்டாம். அவளை நிமிர்த்தவும் வேண்டாம், நாங்கள் கொஞ்சம் கோணலாகவே இருந்து பழகிவிட்டோம். அக்காவிடம் சொன்ன சொல்லை எப்படித் திருப்பி எடுப்பது என்று அப்பா மென்று விழுங்குவதைப் பார்த்து, நானே எழுதுவதாகச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் இப்போது முழு அமைதி. மாமாவுக்கு வணக்கம். கடைக்குட்டி உங்களுக்கு முத்தம் தரச் சொன்னாள், அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆசி எங்கள் மூவருக்கும் வேண்டும், நேரில் வராமல் அங்கிருந்தே.

பணிவன்புடன்,
உங்கள் மூத்த மருமகள்

பின்குறிப்பு: அத்தை, ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். இந்தக் கடிதத்தை உறையில் போடப் போகும்போது அப்பா தாழ்ப்பாள் இறுக்கமாக இருக்கிறதா என்று சோதிக்க எங்கள் அறைக்குள் போய்ப் போட்டுக்கொண்டார். போனவர் வரவில்லை. அம்மா தட்டி, “உள்ள என்ன பண்றீங்க?” என்றாள். “சும்மா இருக்கேன்” என்றார். இரண்டாம் முறை தட்டியபோது, இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சுகம் இருக்கிறது என்று யாரும் தனக்குச் சொல்லவில்லையே என்றார். எங்கள் தலையணை, என் தையல் பெட்டி, கடைக்குட்டியின் பள்ளிக்கூடப் பை எல்லாம் உள்ளே இருக்கின்றன. நடுவிலவளை விட்டுவிடுங்கள், அப்பாவை ஒரு வாரம் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்றாம் முறை தட்ட நடுவிலவள் கையைத் தூக்கினாள். நான் அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, கூடத்துக்குப் போய் டிவியின் சத்தத்தைக் குறைத்தேன்.