ஃபைல் அங்கேதான் இருக்கு

'அங்கேதான் இருக்கு' என்று சொல்கிற ஓர் இனம் உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கே என்று கேட்டால் பதில் வராது, மோவாய்தான் அசையும். அந்த மோவாய் காட்டிய திசையில் தேடித் தேடி எத்தனை குடும்பம் நொந்துபோயிருக்கிறது!

ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸில் இந்த இனத்தின் தலைமகன் ஒருவர் இருக்கிறார். ஜன்னலோர சீட், முதுகுக்குத் தலையணை, மேஜையில் மூன்று காலி டம்ளர். 'அங்கேதான் அண்ணன்' என்றே அவருக்குப் பேர். புரோகிராம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க அவர் எழுதுகிற டெஸ்ட் எல்லாம் 'பக்கத்தில் இருக்கிற பட்டியல் ஃபைலை எடு' என்றுதான் ஆரம்பிக்கும். எதற்குப் பக்கத்தில்? ஃபோல்டருக்குள் ஃபோல்டராய் இறங்கி, அடியில் உட்கார்ந்து அவர் ஓட்டினால் ஓடும். மேல் ஃபோல்டரில் இருக்கிற பெரிய ஸ்கிரிப்ட், அதாவது எல்லா வேலையையும் ஏவுகிற புரோகிராம், நடு ஸ்கிரிப்டைக் கூப்பிட்டு, நடு ஸ்கிரிப்ட் அந்த டெஸ்டைக் கூப்பிட்டால், பாவம், அது பெரிய ஸ்கிரிப்ட் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் தேடிவிட்டு, ஃபைல் இல்லை என்று கையை விரிக்கும். ஆண்டவனை எந்த மூலையில் நின்று கூப்பிட்டாலும் அவனுக்குக் கேட்கும். கம்ப்யூட்டருக்கு அந்தக் கருணை கிடையாது.

அன்று மேல், நடு, அடி என்று எங்கிருந்து ஓட்டினாலும் டெஸ்ட் தேறினால்தான் சோதனை பார்க்கிற பெண் கிளம்பலாம். நாலரைக்கு அவள் மகள் பள்ளிக்கூட மேடையில் முதல்முதலாகப் பாடுகிறாள். மணி மூன்று. திரையில் பதினேழு டெஸ்ட் சிவப்பு, அத்தனையும் ஃபெயில்.

"அண்ணா, ஃபைல் இல்லைன்னு சொல்லுது."

"அங்கதானேம்மா இருக்கு. என் சீட்ல வந்து பாரு, ஓடுது."

போய்ப் பார்த்தாள். ஓடியது. ஊரே வந்து உங்கள் சீட்டில் உட்கார முடியுமா என்று கேட்க வாயெடுத்து, வயதில் பெரியவராச்சே என்று விழுங்கிக்கொண்டாள். அவரும் பெரிய மனசு பண்ணி, 'ரெண்டு படி இறங்கிப் போய் எடு' என்று மாற்றிக் கொடுத்தார். மேலிருந்து ஓடியது, நடுவிலிருந்து விழுந்தது. ஒரு படி என்று குறைத்தார். நடு எழுந்தது, மேல் படுத்தது. ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தில் மட்டும் வெற்றிக் களை குறையவில்லை.

மூன்றே முக்காலுக்கு அவர் காப்பிக்கு எழுந்தார். அவளே ஒரு வரி போட்டாள்: நீ குடியிருக்கிற ஃபோல்டர் எது என்று முதலில் பார், அதற்குப் பக்கத்தில் தேடு, கூப்பிட்டவன் எங்கே நின்றால் உனக்கென்ன? பதினேழும் பச்சை. மூன்று இடத்திலிருந்தும்.

திரும்பி வந்தவர் எட்டிப் பார்த்தார். "நான்தான் அப்பவே சொன்னேனே, அங்கதான் இருக்குன்னு."

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நுழைவுச் சீட்டு வீட்டுக்காரரிடம். போன் போட்டால், "இங்கதான் நிக்கிறேன், வாசல்ல" என்றார். பள்ளிக்கூடத்துக்கு வாசல் மூன்று. மூன்றாவதில் அவரைப் பிடித்து உள்ளே நுழைந்தபோது பாட்டில் கடைசி அடி போய்க்கொண்டிருந்தது.

மேடையிலிருந்து இறங்கி வந்த மகள் கேட்டாள். "நீ எங்கம்மா உக்காந்திருந்தே? நான் தேடினேன்."

"அங்கதான்டி இருந்தேன்" என்றாள் தாய், மோவாயை ஆட்டி.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். படித்து முடித்து இந்தப் புத்தகத்தை எங்கேயாவது வைப்பீர்கள் அல்லவா? நாளைக்கு வீட்டில் யாராவது அதைக் கேட்கும்போது, வாயைத் திறக்குமுன் மோவாயைக் கொஞ்சம் கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.