சாமைக் காட்டை வட துருவத்துக்கு அனுப்பினேன்

ஒரு மலையூரையே ஒரே சொடுக்கில் பனிக்கு அனுப்பியவள் நான். அதற்காக நான் வெட்கப்பட வேண்டும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். மாட்டேன்.

ஜவ்வாது மலையில் வட்டமாக ஒரு பெரிய பள்ளம் உண்டு. உள்ளே ஓர் ஊர் இருக்கிறது, சாமை விதைக்கிறார்கள். ஆதிகாலத்தில் விண்கல் விழுந்து உண்டான பள்ளம் அது என்பது என் கட்சி (நிலவியல் படித்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அது அவர்கள் பாடு). அதற்கு இணையத்தில் ஒரு வரைபடம் செய்தேன். புள்ளியைத் தொட்டால் வீடு, வீட்டுக்காரர், படம் எல்லாம் திறக்கும். சந்தவாசலில் கரும்பு போடும் அப்பா ஒரு நிபந்தனை வைத்திருந்தார். மலைக்காரர்கள் மெச்சினால் நான் மேற்படிப்புக்குச் சென்னை போகலாம். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை போளூரிலிருந்து பெண் பார்க்க வருவார்கள்.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடச் சுவரில் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். ஊரே உட்கார்ந்திருந்தது, கடைசி வரிசையில் அப்பா. திறந்தால் வெள்ளை வெளேரென்று பனி. நடுவே ஊரின் அத்தனை வீடுகளும் சிவப்புப் புள்ளிகளாக நின்றன. அட்சரேகை வரவேண்டிய இடத்தில் தீர்க்கரேகையைப் போட்டிருந்தேன் (எங்கள் மலையின் எண்களை அப்படி மாற்றினால் வட துருவத்துப் பக்கம் ஒரு தீவில் போய் நிற்கும். வேண்டுமானால் போட்டுப் பாருங்கள்).

முன்வரிசையில் இருந்த காளியம்மா அக்கா, “எங்க வூட்ட காட்டு” என்றார். தொட்டேன். அவரும் அவருடைய ஆடும் பனிமேல் நின்று சிரித்தார்கள்.

“இன்னாம்மா இது, ஆடு வெறச்சிப்பூடாதா?”

கூரை அதிரச் சிரித்தார்கள். அப்பா தலையில் கைவைத்தார். எனக்கு அழுகை முட்டியது. ஆனால் அழுதால் வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

“ஆடு எங்கயும் போவலக்கா. நம்பருதான் எடம் மாறிக்கிச்சு. யாரும் எழுந்துக்காதீங்க” என்று அதட்டிவிட்டு எண்களை மாற்றினேன். சிக்னல் இல்லை. மடிக்கணினியோடு மேசைமேல் ஏறினேன். கீழே சிரிப்பு ஓயவில்லை, நானும் இறங்கவில்லை. கடைசியில் பனி போய்ப் பள்ளம் வந்தது.

“அந்தப் பனி ஊரும் நல்லாத்தான் இருந்திச்சு” என்றார் காளியம்மா அக்கா. மெச்சியதாகவே எடுத்துக்கொண்டேன்.

இறங்கும் பேருந்தில் அப்பா போளூருக்குப் போன் போட்டார். “பொண்ணு படிக்கப் போவுதுங்க. அவ்ளோ பேரு சிரிக்கசொல்ல மேசைய வுட்டு எறங்கல. நீங்க வந்தா மட்டும் எறங்கி வந்து உக்காந்துடுமா?”

இன்றும் வீட்டில் எது காணாமல் போனாலும், “வட துருவத்துல தேடு” என்கிறார்கள். தேடட்டும். எடுத்துக் கொடுக்க நான் அங்கே இல்லை, சென்னையில் இருக்கிறேன்.